சக்கரத்தின் மேல் ஒரு தண்ணீர்மலை

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தது ஒரு மலை. தாவரவியல் பூங்காவுக்குப் பின்னால் விழும் அருவியிலிருந்து ஊருக்குள் நீரை இட்டுவர 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கால்வாய் கட்டினார்கள். தைப்பூசத்துக்குக் காவடிகள் ஏறிப்போகும் தண்ணீர்மலையின் சுற்றுப்புறம்தான் அது. ஊர் வளர வளர ஏற்பாடும் வளர்ந்தது. மேட்டில் கில்லமார்ட் நீர்த்தேக்கம் 1929இல் வந்தது. ஆயர் ஈத்தாம் அணை 1962இலும், தெலுக் பஹாங் அணை 1999இலும் வந்தன. இன்று மாநிலத்துக்கு வேண்டிய நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அது பெருநிலத்தில் உள்ள சுங்கை துவா நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. தீவுக்குரிய பங்கு கடலடிக் குழாய்களில் வருகிறது. இந்த ஏற்பாடு முழுவதும் ஐந்து வேலைகளைச் செய்கிறது: நீரைக் கொண்டுவருவது, சுத்தம் செய்வது, சேர்த்து வைப்பது, அழுத்தம் கொடுப்பது, வீடு வீடாகப் பிரித்துத் தருவது. குழாயைத் திறக்கிறவர் கண்ணில் இந்த ஐந்தில் ஒன்றுகூடப் படுவதில்லை. நல்ல நீர் ஏற்பாட்டுக்கு அதுதான் அடையாளம்.

கேம்பர் டிரெய்லர் என்பது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சிறு வீடு. அதில் படுக்கை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கை கழுவும் தொட்டி இருக்கிறது, சிலவற்றில் குளிக்கவும் வசதி இருக்கிறது. எனவே அந்த ஐந்து வேலைகளும் இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குள் நடந்தாக வேண்டும். ஆனால் டிரெய்லர் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதை ஒரு டாங்கி, ஒரு குழாய் என்ற அளவில்தான் பார்க்கிறார்கள். முதலில் எழும் கேள்வி ‘எத்தனை லிட்டர் டாங்கி போடலாம்?’ என்பது. அந்தக் கேள்வி கடைசியாக வர வேண்டியது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஓர் ஊரின் நீர் ஏற்பாட்டைச் சுருக்கி வண்டியில் ஏற்றும்போது எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. உயரம் அடியோடு போய்விடுகிறது. ஒவ்வொரு லிட்டர் நீரும் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர்ப்பரப்பு பல மடங்கு பெருகுகிறது. நீர் தேங்கிக் கிடக்கும் காலம் மணிக்கணக்கிலிருந்து வாரக்கணக்காகிறது. இந்த மூன்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், பினாங்கு போன்ற வெப்பமும் ஈரமும் நிறைந்த தீவில் ஏற்ற வழி ஒன்றுதான்: சிறிய டாங்கி, அடிக்கடி புதுநீர், பயணம் முடிந்ததும் முழுக் காலி.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். ஒரு மீட்டர் உயர நீர் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பார். டாங்கி அகலமானதா குறுகியதா, நூறு லிட்டரா ஆயிரம் லிட்டரா என்பதெல்லாம் இதில் சேராது. நீர்மட்டம் குழாய்வாயைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்பது மட்டுமே கணக்கு. மலேசியாவில் பெரும்பாலான வீடுகளில் கூரைக்கடியில் ஒரு டாங்கி இருக்கிறது. குளியலறைக் குழாய்க்கும் அதற்கும் மூன்று நான்கு மீட்டர்தான் இடைவெளி என்றால் கிடைப்பது 0.3, 0.4 பார். பம்ப் பொருத்திய வாட்டர் ஹீட்டர்கள் இங்கே கடைகளில் தனியாக விற்கப்படுவது இதனால்தான். டிரெய்லரின் கூரையில் டாங்கி வைத்தால் நிலைமை இன்னும் மோசம். குழாய்வாய்க்கு மேல் ஒரு மீட்டர் தேறினாலே பெரிது. பாத்திரம் கழுவ அது போதும், குளிக்கப் போதாது. போதாக்குறைக்கு, நூறு கிலோ எடையைத் தலைக்குமேல் ஏற்றி வண்டியைக் கவிழத் தோதாக்கியதுதான் மிச்சம். டாங்கியைத் தரையோடு தாழ்வாக வைத்து, 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப் ஒன்றைப் பொருத்தினால் இரண்டு பாருக்கு மேல் அழுத்தம் எளிதாகக் கிடைக்கும். இரண்டு பார் என்பது இருபது மீட்டர் உயர மேட்டுக்குச் சமம். கையில் அடங்கும் அந்தப் பம்ப்தான் டிரெய்லரின் தண்ணீர்மலை.

பம்ப் பேட்டரியைத் தின்றுவிடும் என்று ஒரு மறுப்பு வரும். கணக்குப் பார்த்தால் அந்தப் பயம் தேவையில்லை என்று தெரியும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர், இரண்டு பார் அழுத்தம் என்றால் நீருக்குப் போய்ச் சேரும் திறன் 33 வாட் மட்டுமே. இழப்புகளையும் சேர்த்து பம்ப் ஏழு ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் நாளுக்கு அறுபது லிட்டர் செலவழித்தால் பம்ப் ஓடுவது ஆறே நிமிடம். பேட்டரியில் குறைவது 0.7 ஆம்பியர் மணி. இரவெல்லாம் சுற்றும் சிறு மின்விசிறி அதைவிடப் பல மடங்கு எடுத்துவிடும். பம்ப்பில் உண்மையான தொல்லை வேறு. நீர் அமுங்காது. குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும், பம்ப் எழும், அரை வினாடியில் அழுத்தம் நிரம்பும், பம்ப் நிற்கும், மறுபடி எழும். டக் டக் என்று நிற்காமல் அடிக்கும் அந்த ஓசை அழுத்த சுவிட்சையும் பழுதாக்கும், இரவில் தூக்கத்தையும் கெடுக்கும். பம்ப்புக்கு அடுத்ததாக ஒரு சிறிய அழுத்தக்கலன் வைத்தால் இது தீரும். அதற்குள் ரப்பர்ச் சவ்வுக்கு ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் நீர். பம்ப் 1.7 பாரில் எழுந்து 2.8 பாரில் நிற்கிறது என்றால், வளிமண்டல அழுத்தத்தையும் கூட்டிக்கொண்டு பாயில் விதியின்படி கணக்கிடலாம்: ஒரு லிட்டர் காற்று 0.71 லிட்டராக அமுங்கும். அந்த 0.29 லிட்டர் இடத்தில் நீர் காத்திருக்கும். குழாயில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் மட்டும் ஓடினாலும் பம்ப்புக்கு 17 வினாடி ஓய்வு கிடைக்கும்.

உயரத்தின் குறையைக் காசு கொடுத்துத் தீர்த்துவிடலாம். சுவரின் கணக்கு அப்படித் தீராது. 2024 ஜனவரி 10ஆம் தேதி பினாங்கில் நான்கு நாள் வரை நீளும் என்று அறிவிக்கப்பட்ட நீர்த்தடை தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். சுங்கை துவாவில் 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வால்வுகளை மாற்றும் பணிக்காகத் தண்ணீரை நிறுத்தினார்கள். அந்த விட்டமுள்ள குழாயில் ஓடும் ஒவ்வொரு லிட்டர் நீரும் தொடும் சுவர் 33 சதுர சென்டிமீட்டர். டிரெய்லரில் போடும் குழாயின் உள்விட்டம் 12 மில்லிமீட்டர் என்றால், அதே ஒரு லிட்டர் தொடும் சுவர் 3,300 சதுர சென்டிமீட்டர். விட்டம் நூறில் ஒன்றானால் சுவரின் பங்கு நூறு மடங்காகிறது. எந்த நுட்பத்தாலும் மீற முடியாத வடிவியல் இது.

சுவர் ஏன் முக்கியம்? நீரில் வாழும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை நீரில் மிதந்து திரிவதில்லை. சுவரைப் பற்றிக்கொண்டு வழவழப்பான ஒரு படலத்துக்குள் குடியிருக்கின்றன. டாங்கியின் உட்புறத்தை விரலால் தேய்த்தால் வழுக்கும் அந்தப் பிசுக்குதான் அது. சுத்திகரிப்பு நிலையம் நீரில் கொஞ்சம் குளோரினை மிச்சம் வைத்து அனுப்புவது, வழியில் நுழையும் கிருமிகளைச் சமாளிக்கத்தான். நம் கைக்கு வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஆனால் குளோரின் நீரிலும் செலவாகிறது, சுவரிலும் செலவாகிறது. சுவர் மிகுந்தால் செலவு மிகும், வெப்பம் மிகுந்தாலும் செலவு மிகும். படலத்தின் மேல்தோலோடு போராடியே அது தீர்ந்துவிடுவதால் உள்ளே இருப்பவை தப்பித்துக்கொள்கின்றன. பினாங்கில் இரவு வெப்பநிலையே பெரும்பாலும் 23 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. வெயிலில் தார்ச்சாலை மேல் நிறுத்திய வண்டியின் அடியில் தொங்கும் டாங்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லெஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி நன்றாகப் பெருகுவது ஏறக்குறைய 25 முதல் 45 டிகிரி வரை. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் குளிர்நீரை 20 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கின்றன. நம் தீவில் குளிர்பதனப்பெட்டிக்கு வெளியே அது நடக்காத காரியம். வெப்பத்தைக் குறைக்க முடியாது, சுவரைக் குறைக்க முடியாது. நம் கைக்குள் இருப்பது காலம் ஒன்றுதான்.

ஊரின் குழாயில் நீர் இளமையாக இருப்பதற்குக் காரணம் பொறியியல் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரரும்தான். நாம் ஊரில் இல்லாத நாளிலும் அவர் துணி துவைக்கிறார், கோப்பிக்கடைக்காரர் பாத்திரம் கழுவுகிறார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கை கழுவுகிறார்கள். பினாங்கில் வீட்டுத் தேவைக்கு ஒருவர் நாளுக்கு 250 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறார். இது அதிகம் என்று அதிகாரிகள் வருந்துவதில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தச் செலவுதான் தெருக்குழாயில் நீரை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. டிரெய்லரில் அப்படி யாரும் இல்லை. பள்ளி விடுமுறைக்கு வெளியே எடுத்த வண்டி அடுத்த விடுமுறை வரை வீட்டோரம் நிற்கும். டாங்கியில் மிஞ்சிய நீரும் அதோடு நிற்கும். சக்கரத்தின் மேல் தேங்கி நிற்கும் நீரைப் பற்றி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. காரின் முன்கண்ணாடி மேல் நீர் பீய்ச்சும் சிறு டாங்கியில், கழுவுதிரவம் சேர்க்காமல் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியவர்களுக்கு லெஜியோனெல்லாவால் உண்டாகும் லெஜியனேர் நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2010இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. சில லிட்டர் வெதுவெதுப்பான நீர், மாதக்கணக்கில் தேக்கம், பிறகு நுண்துளிகளாகச் சிதறல். டிரெய்லரின் குளியல் குழாயில் இந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன.

‘குடிப்பதற்குப் புட்டித் தண்ணீர் வாங்கிக்கொள்கிறோம், டாங்கி நீர் கழுவுவதற்கு மட்டும்தானே’ என்பார்கள். பலரும் சொல்லும் சமாதானம் இதுதான். மிகவும் ஆபத்தானதும் இதுதான். 1976 ஜூலையில் பிலடெல்பியா நகர ஓட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லெஜியோனெல்லாவை உலகம் அறிந்துகொண்டது அதன் மூலம்தான். கிருமி வயிற்றின் வழியே போய்த் தாக்கவில்லை. காற்றில் பரவிய நுண்துளிகளோடு மூச்சில் கலந்தது. முதியவர்களும், புகைபிடிப்பவர்களும், நுரையீரல் நோயுள்ளவர்களும் இதற்கு எளிதில் ஆளாவார்கள். குளிக்கும்போது எழும் மெல்லிய சாரலைப் பாட்டியோ தாத்தாவோ மூச்சில் இழுக்கத்தான் செய்வார்கள். குடிக்காத நீர் என்பதால் அதைக் கவனிக்காமல் விட முடியாது.

வடிகட்டி போட்டால் போதாதா என்றும் கேட்கலாம். போடலாம், ஆனால் எங்கே போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கரி வடிகட்டி நீரின் வாடையை எடுக்கிறது. அந்த வாடையே குளோரின்தான். டாங்கியை நிரப்பும்போதே ஹோஸின் முனையில் கரி வடிகட்டியைச் சொருகுகிறவர், காவலாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டுப் பொருளை உள்ளே வைக்கிறார். நிரப்பும் நீர் குளோரினோடு உள்ளே போகட்டும். கரி வடிகட்டி வேண்டுமென்றால் குடிநீர்க் குழாய்க்குச் சற்று முன்னால் இருக்கட்டும். அதிலும், ஈரக்கரி கிருமிகளுக்கு நல்ல குடியிருப்பு என்பதால், பயணம் முடிந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். பம்ப்புக்கு முன்னால் வைக்கும் வலைவடிகட்டி வேறு சங்கதி. அது மணலையும் பிளாஸ்டிக் துருவலையும் தடுத்துப் பம்ப்பைக் காப்பாற்றும். அது கட்டாயம் வேண்டும். ஹோஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு வாங்கிய பச்சை ஹோஸ் வெயிலில் கிடந்து சூடேறியதும் ரப்பர் வாடை அடிக்கும். அந்த வாடை நீரில் கரைந்துதான் டாங்கிக்குப் போகிறது. உணவுத் தரமுள்ள ஹோஸ் விலை கூடுதல்தான், ஆனால் அதில் மிச்சம் பிடிப்பது தவறு.

மூன்றாவது மறுப்புக்குக் கொஞ்சம் வலு உண்டு: பிளீச்சிங் திரவம் ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடுமே? ஆம், பருவத்துக்கு ஒருமுறை ஊற்றிக் கழுவத்தான் வேண்டும். ஐந்து விழுக்காட்டுத் திரவத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 50 கிராம் வீரியப்பொருள் இருக்கிறது. நூறு லிட்டர் டாங்கியில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற வலுவான கழுவுநீர் செய்ய 100 மில்லிலிட்டர் போதும். வாசனை கலக்காத திரவமாக இருக்க வேண்டும். பம்ப்பை ஓட்டி ஒவ்வொரு குழாயிலும் அந்த வாடை வரும்வரை திறந்து, சில மணி நேரம் அப்படியே விட்டு, முழுக்க வடித்து, நல்ல நீரால் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். ஆனால் பழைய நீரைக் காப்பாற்ற மருந்து ஊற்றிக்கொண்டே இருப்பதை இதற்கு மாற்றாகக் கருத முடியாது. படலம் தடித்த பிறகு மருந்து மேற்பூச்சாகவே நிற்கும், வெப்பத்தில் சீக்கிரம் மறையவும் மறையும். மருந்து சுத்தமான சுவரைச் சுத்தமாக வைத்திருக்கும். அழுக்கான சுவரோடு அது செய்துகொள்ளும் சமரசத்தை நம்பிக் குழந்தைகளைக் குளிக்கவைக்க முடியாது.

கூர்மையான வாசகர் இந்த இடத்தில் என்னை மடக்கலாம்: ‘சுவரின் பங்குதான் குற்றவாளி என்றால் பெரிய டாங்கிதானே நல்லது? அதில் லிட்டருக்குச் சுவர் குறைவாயிற்றே.’ குறைவுதான்; எவ்வளவு குறைவு என்று பார்ப்போம். கனசதுரமான நூறு லிட்டர் டாங்கியில் லிட்டருக்கு 129 சதுர சென்டிமீட்டர் சுவர். இருநூறு லிட்டரில் அது 103. ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் அதே குடும்பம் அதே வேகத்தில் செலவழித்தால் நீரின் வயது இரண்டு மடங்காகிறது. இருபது விழுக்காட்டு ஆதாயத்துக்கு நூறு விழுக்காட்டு நட்டம். அதோடு, மறைவான மிகப் பெரிய சுவர் டாங்கியில் இல்லை, குழாயில் இருக்கிறது. ஆறு மீட்டர் நீளமுள்ள 12 மில்லிமீட்டர் குழாயில் தங்குவது முக்கால் லிட்டருக்கும் குறைவான நீர்தான். நம் வண்டியிலேயே மிக மோசமான நீர் அது. காலையில் முதல் குவளை பிடிக்குமுன் ஐந்து வினாடி ஓடவிட்டால் அது வெளியேறிவிடும். இதே காரணத்தால், பிற்பாடு பயன்படும் என்று விட்டுவைக்கும் கிளைக்குழாய்களை நான் எதிர்க்கிறேன். மூடி அடைத்த கிளையில் நீர் என்றைக்கும் நகராது. அங்கே வளர்வது மெயின் குழாய்க்குத் தானாக வந்து சேரும்.

பெரிய டாங்கிக்கு ஆதரவாக 2024 ஜனவரியைச் சுட்டிக்காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டோரம் நிற்கும் டிரெய்லரில் 200 லிட்டர் இருந்திருந்தால் அந்த நான்கு நாளும் கவலையில்லையே என்பது அவர்கள் வாதம். அறிவித்துவிட்டு வரும் தடைக்கு முந்தின இரவு நிரப்பினால் போதும். சின்ன டாங்கியும் வாளிகளும் சேர்ந்தே சமாளிக்கும். அறிவிக்காமல் வரும் குழாய் உடைப்புக்கு இந்தப் பதில் செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கையிருப்பு வேண்டும்தான். அது மூடியுள்ள கேன்களில், வாரம் ஒருமுறை செடிக்கு ஊற்றி மாற்றக்கூடிய அளவில் வீட்டுக்குள் இருக்கட்டும். ஆறு மாதமாக வெயிலில் நின்ற டிரெய்லர் டாங்கியின் நீர், தடை வரும் அன்றைக்குத்தான் நம்மைக் கைவிடும். இன்னொன்று: பினாங்குத் தீவின் பரப்பு 300 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. பத்து ஃபெரிங்கியில் தங்கினாலும் பாலிக் புலாவில் தங்கினாலும் அடுத்த தண்ணீர்க் குழாய் அரைமணிப் பயணத்துக்குள் இருக்கும். ஆஸ்திரேலியப் பாலைநிலத்துக்காக வடிவமைத்த பெரிய டாங்கிகளை இங்கே இறக்குமதி செய்து மாட்டுவது, இல்லாத தூரத்துக்கு எடை சுமப்பது. பேரிடர் முகாம்களுக்கான ஸ்ஃபியர் வரையறை ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. முகாமிடுகிறவருக்கு இருபது வைத்துக்கொண்டாலும், நால்வருக்கு ஒரு நாளைக்கு 80 லிட்டர். அதுவே டாங்கியின் அளவாக இருக்கலாம்.

நிரப்பும் வேளையில் ஓர் ஆபத்து உண்டு. ஹோஸின் முனை டாங்கி நீருக்குள் மூழ்கிக் கிடக்கும்போது தெருக்குழாயில் அழுத்தம் திடீரென்று விழுந்தால், டாங்கியின் நீர் எதிர்த்திசையில் உறிஞ்சப்பட்டு ஊர்க்குழாய்க்குள் போகும். நம் அழுக்கு அடுத்த வீட்டுக் குழந்தையின் கோப்பைக்குப் போகும் வழி இது. நிரப்புவாயில் ஹோஸ் முனைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே கொஞ்சம் காற்றிடைவெளி விடுவது, அல்லது ஒருவழி வால்வு பொருத்துவது, நாம் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை. நீர்த்தடைகள் பழகிப்போன மாநிலத்தில் இதை விட்டுவிடக்கூடாது.

எடையும் இதே முடிவுக்குத்தான் இட்டுச்செல்கிறது. அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் நூறு லிட்டர் டாங்கி, அச்சுக்கு மூன்று மீட்டர் முன்னால் காரோடு இணையும் கொக்கி என்றால், டாங்கி நிரம்பியதும் கொக்கியின் மேல் உள்ள பாரம் 33 கிலோ குறைகிறது. கொக்கியின் பாரம் குறைந்த டிரெய்லர் வேகத்தில் வால் ஆட்டத் தொடங்கும். ஆகவே டாங்கி அச்சின் மேலேயோ அதற்குச் சற்று முன்னாலோதான் இருக்க வேண்டும். அரைகுறையாக நிரம்பிய டாங்கி இன்னும் பொல்லாதது. வண்டியின் குறுக்கே வைத்த 1.2 மீட்டர் நீள டாங்கியில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் இருந்தால், அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்த் திரும்ப ஏறக்குறைய ஒன்றரை வினாடி ஆகிறது. டிரெய்லர் பக்கவாட்டில் ஆடும் கால அளவும் பல வேளைகளில் இதற்கு அருகில்தான். இரண்டு ஆட்டமும் ஒத்துப்போனால் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு வளைந்து வளைந்து மலையேறி இறங்கும் சாலையில் அதற்கு வாய்ப்பு நிறைய. நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்தால் அந்தக் கால அளவு 0.9 வினாடியாகச் சுருங்கும், நீரும் ஒரே கட்டியாகப் புரளாது. தடுப்பை விடவும் எளிய விதி: நிரம்பிய டாங்கியோடு ஓட்டு, அல்லது காலி டாங்கியோடு ஓட்டு. சிறிய டாங்கியில்தான் இந்த விதியைக் கடைப்பிடிக்க முடியும். அழுக்குநீர் டாங்கிக்கும் இதே இடவிதிதான். நல்ல நீர் குறையக் குறைய அழுக்குநீர் கூடுகிறது. இரண்டும் வண்டியின் இரு கோடிகளில் இருந்தால் எடை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இடம்பெயரும். சிலர் அழுக்குநீர் டாங்கியே வைக்காமல் கடற்கரை மணலில் விட்டுவிடுகிறார்கள். சோப்பும் எண்ணெயும் கலந்த அந்த நீர் நம் பிள்ளைகள் விளையாடும் மணலில்தான் இறங்குகிறது. அதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

இனி காலி செய்வது. சொல்ல எளிது, டாங்கி ஒத்துழைக்காது. தட்டையான அடிப்பக்கம், அதிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் வெளிக்குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.2 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள டாங்கியில் பம்ப் காற்றை இழுத்து நின்ற பிறகும் ஆறு லிட்டர் மிஞ்சும். அடுத்த முறை ஊற்றும் புதுநீருக்குப் பழைய கிருமிகளை விதைப்பது அந்த ஆறு லிட்டர்தான். ஆகவே வடிகுழாய் பக்கவாட்டில் இல்லாமல் அடியிலேயே, ஒரு மூலையில் இருக்க வேண்டும். டாங்கியை அந்த மூலை நோக்கிச் சற்றுச் சாய்த்துப் பொருத்தினால் இன்னும் நல்லது. பொருத்திய பிறகு திருத்த முடியாதவர்கள் வண்டியின் முன்தாங்குசக்கரத்தை மேலே சுருக்கி மூக்கைத் தாழ்த்தலாம். டாங்கி நீளவாட்டில் இருந்தால், இரண்டு டிகிரி சாய்ந்தாலே 1.2 மீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் சரிவு கிடைக்கும். மூலையில் இருக்கும் வடிகால் முன்பக்கமாக இருந்தால் மட்டுமே இது உதவும் என்பதால், டாங்கியை வாங்கும்போதே எந்த மூலை என்று முடிவுசெய்ய வேண்டும்.

மிஞ்சும் நீரில் வளர்வது கிருமி மட்டுமல்ல. மலேசியாவில் டெங்கியைப் பற்றிய முதல் பதிவே பினாங்கிலிருந்துதான், 1901–1902இல் பரவிய நோயைப் பற்றி வந்தது. இரத்தக்கசிவு டெங்கியும் நாட்டில் முதலில் பதிவானது இதே பினாங்கில், 1962இல். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு இந்த வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அதற்கு வேண்டியது நிழலும் அசையாத நீரும். காற்றுத்துளை இல்லாத டாங்கியிலிருந்து பம்ப்பால் நீரை இழுக்க முடியாது. உள்ளே வெற்றிடம் உண்டாகிச் சுவர் ஒட்டிப்போகும். எனவே துளை கட்டாயம் வேண்டும். அதன் வாயில் துருப்பிடிக்காத நுண்வலையும் கட்டாயம் வேண்டும். காலி செய்த டாங்கியின் மூடியை இறுக அடைத்துவிடுவதும் தவறு. பினாங்கின் ஈரக்காற்றில் மூடிய டாங்கி உலரவே உலராது. வலை போட்ட மூடி ஒன்றைத் தனியாகச் செய்து வைத்துக்கொண்டு, நிறுத்திவைக்கும் நாட்களில் அதை மாட்டிவிடலாம். ஒளி புகாத நிறத்தில் டாங்கி வாங்கினால் பாசிக்கும் வழியில்லை.

இணைப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வீட்டுக் குழாய் அசையாது, டிரெய்லர் குழாய் மணிக்கணக்கில் அதிரும். பசை போட்டு ஒட்டிய விறைப்பான பி.வி.சி. முட்டுகள் அந்த அதிர்வில் மயிரிழை விரிசல் காணும். வளையும் பெக்ஸ் குழாயும் அதற்குரிய இணைப்பிகளும் ஏற்றவை. பம்ப்பின் இரு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு மெத்தென்ற ஹோஸ் விட்டால் அதன் அதிர்வு சுவர்ப்பலகைக்குப் போகாது. ஊர்க்குழாயை நேரடியாக இணைக்கும் வாய் வைத்தால், அழுத்தக் கட்டுப்படுத்தி இல்லாமல் வைக்கக்கூடாது.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு மறுப்பு மீதி இருக்கிறது: மனிதர்கள் சோம்பேறிகள், பயணம் முடிந்து களைத்து வந்தவர் யார் குனிந்து டாங்கியைக் காலி செய்வார்? இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் வடிகால் வால்வின் இடத்தை வடிவமைப்பின் மையமாகக் கருதுகிறேன். கட்டுகிறவர்கள் வழக்கமாக அதை அச்சுக்குப் பக்கத்தில், படுத்துக்கொண்டு கைவிட்டால் மட்டும் எட்டும் இடத்தில் வைக்கிறார்கள். அங்கேதான் குழாய் நீளம் மிச்சமாகிறது. அந்த வால்வை ஆண்டுக்கு ஒருமுறை திறந்தால் அதிகம். டாங்கியின் மூலையிலிருந்து 20 மில்லிமீட்டர் குழாயைச் சரிவாக இழுத்து, வண்டியின் ஓரச் சட்டத்துக்கு அடியில், நின்றபடி காலாலேயே தள்ளித் திறக்கக்கூடிய நீளக் கைப்பிடியோடு ஒரு பந்து வால்வு வைத்தால் கூடுதலாக ஒரு மீட்டர் குழாய் செலவாகும். கொக்கியைக் கழற்றப் போகிறவர் போகிற போக்கில் அதைத் திறந்துவிட்டுப் போவார்.